படர்க்கையில் நிறுத்தப்பட்டவன்: டிராகுலா மறுகூறல்களின் எடுத்துரைப்பு வரலாறு



பல ஆண்டுகளுக்கு முன், எடுத்துரைப்பு முறைகள் பற்றிய வகுப்பொன்றில் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை எடுத்துக்காட்டாகக் கையாண்டோம். ஒரே நிகழ்ச்சியைப் பலர் தத்தம் நாட்குறிப்பில் எழுதும்போது வாசகர் மனத்தில் உண்மை எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை விளக்குவதே நம் நோக்கம். விளக்கி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தார். "எல்லாரும் எழுதுகிறார்கள். யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவன் மட்டும் ஏன் ஒரு பக்கம்கூட எழுதவில்லை?" என்று கேட்டார். அவன் பேசினால் அச்சம் குறைந்துவிடும், அதனால்தான் ஆசிரியர் அவனைப் பேசவிடவில்லை என்று விடை கூறினோம். அவ்விடை பிழையன்று, ஆனால் போதாது. அக்கேள்வியை அந்த மாணவிக்கு முன்பே நாவலாசிரியர் பலர் கேட்டிருந்தனர் என்பதும், அவர்கள் விடை கூறாமல் புதிய கதைகளையே எழுதினர் என்பதும் பின்னர்தான் நமக்குப் புலனாயின.

இவ்வுரை அக்கேள்வியைப் பின்தொடர்கிறது. இரத்தக்காட்டேரிக் கதைகள் இருநூறு ஆண்டுகளாக எவ்வாறு மீண்டும் மீண்டும் கூறப்பட்டு வந்துள்ளன, ஒவ்வொரு மறுகூறலிலும் பேசும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என நம் இலக்கணம் வகுத்த மூவிடமே போதுமானது.

வழிநூல் என்னும் கருத்து

ஒரு கதையை மீண்டும் கூறுவது தாழ்ந்த செயல் என்னும் எண்ணம் மாணவரிடையே உண்டு. தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூல் ஆக்கத்தைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறது. பின்வந்த நன்னூல் சார்புநூல் என மூன்றாவது ஒன்றையும் சேர்க்கிறது. முதல்நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு, தான் வேண்டிய வேறுபாடுகளைக் கூறுவது வழிநூல்; ஒருபுடை ஒத்து, மற்றவற்றில் மாறுபட்டு நிற்பது சார்புநூல்.

இவை முதன்மையாக இலக்கண நூல்களையும் அறிவு நூல்களையும் கருதிச் சொல்லப்பட்டவை. ஆயினும் 'முடிபை ஏற்றல்', 'முடிபில் மாறுபடல்' என்னும் வேறுபாடு புனைகதை மறுகூறல்களை ஆராயவும் கூர்மையான கருவியாகிறது. டிராகுலா இறக்க வேண்டியவன் என்பதை ஏற்று எழுதியவர்களும் உளர். அதையே கேள்விக்குள்ளாக்கி எழுதியவர்களும் உளர்.

பிறர் பெயரில் தொடங்கிய மரபு

ஆங்கில உரைநடையில் இரத்தக்காட்டேரிக் கதை தொடங்கிய வரலாறே குரல் பறிப்பின் வரலாறாக இருப்பது வியப்புக்குரியது. 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்த வில்லா தியோதாத்தியில் கவிஞர் பைரன், ஷெல்லி, பின்னர் மேரி ஷெல்லி எனப் பெயர்பெற்ற மேரி, பைரனின் மருத்துவர் ஜான் போலிடோரி ஆகியோர் கூடிப் பேய்க்கதை எழுத முற்பட்டனர். மேரியின் 'பிராங்கன்ஸ்டைன்' அங்கேதான் கருக்கொண்டது. பைரன் ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் விட்டார். அதன் கருவை எடுத்துப் போலிடோரி எழுதிய 'தி வேம்பயர்' என்னும் கதை 1819 ஏப்ரலில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தபோது, ஆசிரியர் பெயராகப் பைரனின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. தாம் எழுதிய கதை தம்முடையது என்று போலிடோரி வாதிட வேண்டியிருந்தது. மருத்துவர் எழுதினார்; பிரபுவின் பெயர் விற்றது.

1871ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தொடராக வெளிவந்து, 1872இல் நூலுள் இடம்பெற்ற ஷெரிடன் லெஃபானுவின் 'கார்மில்லா' இம்மரபின் அடுத்த படி. ஸ்டைரியா நாட்டுப்புறத்தில் ஒரு கோட்டையில் வாழும் லாரா என்னும் பெண், தன் இளமையில் விருந்தாளியாக வந்து தங்கிய கார்மில்லாவின் கதையைப் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதுகிறாள். அவ்வெழுத்து டாக்டர் ஹெசீலியசு என்பவரின் ஆவணத் தொகுப்பிலிருந்து எடுத்துத் தரப்படுகிறது. அது அச்சேறுவதற்குள் அப்பெண் இறந்துவிட்டாள் என்று முன்குறிப்பு சொல்கிறது. ஆக, கார்மில்லாவின் சொற்கள் லாராவின் நினைவுக்குள்ளும், லாராவின் எழுத்து ஒரு மருத்துவரின் ஆவணக்கட்டுக்குள்ளும் அடைபட்டுள்ளன. ஆயினும் கதையின் இறுதியில், வரவேற்பறைக் கதவருகே கார்மில்லாவின் காலடி ஓசை கேட்பதாக லாரா இன்றும் எண்ணுவதுண்டு என்று முடிகிறது. ஆவணம் மூடப்பட்ட பின்னும் நினைவு மூடவில்லை. பின்வந்த மறுகூறல்கள் பலவும் நுழைந்தது இந்தச் சிறு இடைவெளி வழியாகவே.

முதல்நூலின் கட்டமைப்பு

டப்ளினில் 1847இல் பிறந்த ஸ்டோக்கர், இலண்டன் லைசியம் அரங்கின் மேலாளராகப் பணியாற்றிக்கொண்டே 1890 முதல் இந்நாவலுக்குக் குறிப்புகள் சேர்த்தார். அக்குறிப்புகள் இன்று பிலடெல்பியா நகரில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் உள்ளன. கார்மில்லா வாழ்ந்த ஸ்டைரியாவிலேயே தம் கதையையும் தொடங்க அவர் முதலில் எண்ணியிருந்தார் என்பதை அவை காட்டுகின்றன. 1897 மே மாதம் 'டிராகுலா' வெளிவந்தது.

27 இயல்கள் கொண்ட இந்நாவலில் எல்லாமறிந்த கதைசொல்லி எவரும் இல்லை. ஜோனதன் ஹார்க்கர் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார். மினா தன் குறிப்பேட்டை எழுதுகிறாள். டாக்டர் சீவர்ட் தம் நாட்குறிப்பை ஒலிப்பதிவுக் கருவியில் மெழுகு உருளைகளில் பேசிப் பதிகிறார். லூசியின் கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள், தந்திகள், ஆளின்றிக் கரையொதுங்கிய 'டெமெட்டர்' கப்பலின் பதிவேடு என யாவும் சேர்கின்றன. இவற்றையெல்லாம் தட்டச்சு செய்து, படிகள் எடுத்து, நாள்வாரியாக அடுக்குபவள் மினா. நம் சொல்லில் கூறினால், கதைக்குள்ளேயே ஒரு தொகுப்பாசிரியர் இருக்கிறார்.

இந்த ஆவணக் குவியலுக்குள் டிராகுலாவின் கையெழுத்தாக நமக்குக் கிடைப்பவை, வரவேற்புக் கடிதம் ஒன்றும், வெளியே செல்வதைத் தெரிவிக்கும் சிறு குறிப்பொன்றும் மட்டுமே. அவையும் ஹார்க்கரின் நாட்குறிப்புக்குள் படியெடுக்கப்பட்டவை. எழுத்தின் ஆற்றலை அவன் அறியாதவன் அல்லன். முன்தேதியிடாமல் பின்தேதியிட்டு மூன்று கடிதங்களை ஹார்க்கரைக் கொண்டு எழுதுவிக்கிறான். தன்னால் படிக்க இயலாத சுருக்கெழுத்துக் கடிதத்தைத் தீயிலிடுகிறான். பின்னர் சீவர்ட் வீட்டில் புகுந்து கையெழுத்துப் படியையும் மெழுகு உருளைகளையும் எரிக்கிறான். ஆனால் இன்னொரு படி பெட்டகத்தில் தப்பிவிடுகிறது. இந்நாவலின் போர் மரமுளையாலும் கத்தியாலும் மட்டும் நடப்பதன்று. யாருடைய ஏடு எஞ்சும் என்பதற்கான போருமாகும்.

மொழியியலாளர் மறக்கவியலாத காட்சி ஒன்று இரண்டாம் இயலில் உண்டு. ஆங்கில நூல்களைக் கற்று இலக்கணமும் சொற்களும் அறிந்த டிராகுலா, தனக்குப் பேச்சு வரவில்லை என்கிறான். தன் நாட்டில் தான் உயர்குடியினன். இலண்டனிலோ வாய் திறந்தவுடன் அயலான் என்று எவரும் கண்டுகொள்வர் என்று வருந்துகிறான். தன் உச்சரிப்புப் பிழைகளைத் திருத்துமாறு ஹார்க்கரை வேண்டுகிறான். கடல் கடந்து குடியேறிய சமூகங்களில் பிறந்த நமக்கு இவ்வேண்டுகோள் புதியதன்று. நம் முன்னோருள் எத்தனையோ பேர் இதே அச்சத்துடன் துறைமுகத்தில் இறங்கியிருப்பர். 1990இல் ஸ்டீபன் அராட்டா என்னும் ஆய்வாளர், பேரரசு தான் பிற நாடுகளில் செய்ததைத் தனக்கே ஒருவன் திருப்பிச் செய்வான் என்னும் அச்சமே இந்நாவலை இயக்குகிறது என்று விளக்கினார்.

ஆயினும் அயன்மொழியாளன் என்பதனால் மட்டும் டிராகுலா விலக்கப்படவில்லை. வேன் ஹெல்சிங்கின் ஆங்கிலமும் உடைந்த ஆங்கிலமே. அவரோ குழுவின் தலைவர், எழுதவும் இடம் பெறுகிறார். வேறுபாடு பேச்சுப் பிழையில் இல்லை. ஏட்டில் இடம் தரப்படுவதில் உள்ளது. இங்கே நம் மொழி ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்' வேறு, விலக்கும் 'நாங்கள்' வேறு. மலாய் மொழியின் 'கித்தா', 'காமி' வேறுபாடும் இதுவே. டிராகுலாவை வேட்டையாடும் குழுவினர் தம்மைக் குறிக்கும் சொல்லை அவனை நோக்கித் தமிழில் பெயர்த்தால், 'நாங்கள்' என்றே பெயர்க்க முடியும்.

ஸ்டோக்கர் ஒரு கதவைத் தாழிடாமல் விட்டார். ஏழாண்டுகள் கழித்து ஹார்க்கர் எழுதும் இறுதிக் குறிப்பில், தங்களிடம் எஞ்சியவை பெரும்பாலும் தட்டச்சுப் படிகளே. மூல ஆவணம் என்று காட்டத்தக்கது ஏறத்தாழ ஒன்றுமில்லை. இவற்றைச் சான்றாக ஏற்குமாறு எவரையும் கேட்க இயலாது என்று ஒப்புக்கொள்கிறார். முதல்நூலே தன் சான்றின் வலுவின்மையைச் சொல்லி முடிகிறது. மறுகூற வருபவர்க்கு இதைவிட வெளிப்படையான அழைப்பு வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு என்னும் பெயரில்

முதற்கட்ட மறுகூறல்கள் மொழிபெயர்ப்பு என்னும் பெயரில் வந்தன. ஐஸ்லாந்தில் வால்டிமார் ஆஸ்மண்ட்சன் தம் இதழில் 1900, 1901ஆம் ஆண்டுகளில் 'இருளின் ஆற்றல்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் இந்நாவலை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது சுருக்கமான மொழிபெயர்ப்பு என்றே கருதப்பட்டது. ஹான்ஸ் டி ரோஸ் என்னும் ஆய்வாளர் 2014ஆம் ஆண்டளவில் அதைக் கூர்ந்து படித்தபோதுதான், அது வேறொரு கதை என்பது தெரியவந்தது. திரான்சில்வேனியப் பகுதி பெரிதும் விரிந்திருந்தது. இலண்டன் பகுதி சுருங்கியதோடு நாட்குறிப்பு வடிவத்தையே கைவிட்டுப் படர்க்கை எடுத்துரைப்புக்கு மாறியிருந்தது. 2017இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், அதற்கும் முன்னதாக 1899இல் தொடங்கிய சுவீடிய மொழித் தொடரொன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு பகுதியை விரித்தும் மற்றொன்றைத் தொகுத்தும் மொழிபெயர்த்த இம்முயற்சியில் மரபியலின் நான்கு வகைகளும் ஒருங்கே காணப்படுகின்றன. சிறிய மொழியொன்றில் எழுதப்பட்டதால் நூறாண்டுக்கு மேல் உலகம் அதை ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப்பார்க்க வேண்டும். நம் நூலகங்களிலும் 'தழுவல்' என்னும் ஒற்றைச் சொல்லின்கீழ் ஒப்பிடப்படாமல் உறங்கும் நூல்கள் பல.

துருக்கியில் அலி ரிசா செய்ஃபி 1928இல் வெளியிட்ட நாவல், இலண்டனை நீக்கி இஸ்தான்புல் நகரை வைத்தது. கிறித்தவச் சின்னங்களின் இடத்தை இசுலாமியச் சின்னங்கள் பெற்றன. டிராகுலாவை 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமானியரோடு போரிட்ட விளாத் என்னும் அரசனாகவே அது வெளிப்படையாக அடையாளம் காட்டியது. ஆங்கில வாசகனுக்குத் தொலைதூரத்து அச்சமாக இருந்தவன், துருக்கிய வாசகனுக்கு வரலாற்றுப் பகைவனாகத் திரும்பி வந்தான். கதை ஒன்றே, 'நாங்கள்' யார் என்பது மாறியவுடன் அதன் பொருள் மாறிவிட்டது.

திரைப்படமும் இக்காலத்தில்தான் இக்கதையைக் கைக்கொண்டது. 1922இல் முர்னாவ் இயக்கிய ஜெர்மானியப் படமான 'நொஸ்பராட்டு' உரிமை பெறாமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுக்கப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி புளோரன்ஸ் தொடுத்த வழக்கில், படிகளை அழிக்குமாறு 1925இல் தீர்ப்பாயிற்று. தப்பிய படிகளால்தான் அப்படம் இன்று நமக்குக் கிடைக்கிறது. சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழியும் என்று இன்று எல்லாரும் நம்பும் 'மரபு' ஸ்டோக்கரிடம் இல்லை. அவருடைய டிராகுலா பகலிலும் இலண்டன் தெருவில் நடமாடுகிறான். அவ்வழக்கம் இப்படத்திலிருந்து வந்தது. முதல்நூலைவிட வழிநூல் வலுப்பெறுவதற்கு இது நல்ல சான்று.

தன்மைக்கு வந்த குரல்

1970களில் பெரும் திருப்பம் நிகழ்ந்தது. 1975இல் ஃபிரெட் சேபர்ஹேகன் எழுதிய 'தி டிராகுலா டேப்' என்னும் நாவலில், ஹார்க்கர் வழித்தோன்றல்களின் காரில் ஏறிக்கொள்ளும் டிராகுலா, அங்கிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் தன் தரப்பைப் பேசிப் பதிவு செய்கிறான். முன்பு மெழுகு உருளைகளை எரித்தவன், இப்போது நாடாவில் தானே பேசுகிறான்.

சேபர்ஹேகனின் உத்தி எளிமையானது. அதே வேளையில் கடுமையானது. ஸ்டோக்கர் கூறிய நிகழ்ச்சிகளை அவர் பெரும்பாலும் மாற்றுவதில்லை, காரணங்களை மாற்றுகிறார். முதல்நூலில் லூசியைக் காப்பாற்ற நால்வர் அடுத்தடுத்து இரத்தம் தருகின்றனர். அக்காலத்தில் இரத்த வகைகள் அறியப்படவில்லை. கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் அவற்றை விளக்கியது 1901இல்தான். ஆதலால் லூசியைக் கொன்றது தன் பற்கள் அல்ல, வேன் ஹெல்சிங்கின் மருத்துவமே என்று டிராகுலா வாதிடுகிறான். முதல்நூலின் சொற்களையே சான்றாகக் கொண்டு அதன் முடிபை மறுக்கும் இம்முறை, நம் உரையாசிரியர்கள் முன்னோர் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கும் முறையோடு ஒப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டே, 1976இல், ஆன் ரைசின் 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' வெளிவந்தது. இது டிராகுலா கதையின் மறுகூறல் அன்று. ஆனால் மரபின் மறுகூறல். லூயி என்னும் இரத்தக்காட்டேரி ஓர் இளைஞனிடம் தன் வாழ்க்கையைக் கூற, அவன் நாடாவில் பதிகிறான். கதை முடிந்ததும் அவ்விளைஞன் தன்னையும் அவ்வாறே ஆக்குமாறு வேண்டுகிறான். லூயி அதிர்ச்சியடைகிறான், தன் துயரத்தை எச்சரிக்கையாகச் சொல்ல, கேட்டவனோ அதை ஆசையாகப் புரிந்துகொண்டான். பேசும் உரிமை கிடைத்தாலும் கேட்கும் செவி கிடைப்பது வேறு என்பதை இவ்விடம் உணர்த்துகிறது. 1985இல் வந்த தொடர்நாவலில் லெஸ்டாட் என்பவன் லூயியின் கூற்றையே மறுத்துத் தன் கதையைத் தன்மையில் சொல்கிறான். மறுகூறலுக்கே மறுகூறல் பிறந்தது.

முடிபு மாறிய நூல்கள்

நன்னூலின் சொல்லால் சார்புநூல் எனத்தக்கவை சில. 1954இல் ரிச்சர்ட் மாத்தசன் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' அவற்றுள் முன்னோடி. நோயால் உலகமே இரத்தக்காட்டேரிகளாக மாறிவிட, எஞ்சிய ஒரே மனிதன் நெவில் பகல்தோறும் அவர்களைத் தேடிக் கொல்கிறான். கதை அவன் பார்வையிலேயே செல்வதால் நாமும் அவன் பக்கம் நிற்கிறோம். இறுதியில், உருவாகிவரும் புதிய சமூகத்துக்குத் தானே உறக்கத்தில் வந்து கொல்லும் பேய் என்பதை அவன் உணர்கிறான். எடுத்துரைப்பு கடைசி வரை படர்க்கையிலேயே உள்ளது. இலக்கணம் மாறவில்லை, நம் நிலை மாறுகிறது.

1992இல் கிம் நியூமன் எழுதிய 'ஆனோ டிராகுலா' வரலாற்றையே திருப்பியது. வேன் ஹெல்சிங் குழு தோற்று, டிராகுலா விக்டோரியா அரசியை மணந்து பிரிட்டனை ஆள்கிறான். 1888ஆம் ஆண்டு இலண்டனில் பெண்களைக் கொன்று திரிபவன் முதல்நூலின் நல்லவரான டாக்டர் சீவர்ட். அவர் இன்னும் மெழுகு உருளைகளில் நாட்குறிப்புப் பதிகிறார். அதே கருவி, அதே குரல். முன்பு சான்றாக இருந்தது இப்போது ஒப்புதல் வாக்குமூலமாகிறது.

எலிசபெத் கொஸ்டோவாவின் 'தி ஹிஸ்டோரியன்' 2005இல் வெளிவந்தது. பெயர் சுட்டப்படாத ஒரு மகள், தன் தந்தையின் நூலகத்தில் கண்ட பழைய நூலையும் கடிதங்களையும் பின்தொடர்கிறாள். கடிதத்துக்குள் கடிதமாக மூன்று தலைமுறை ஆய்வாளர்களின் தேடல் விரிகிறது. ஸ்டோக்கரின் ஆவண வடிவம் இங்கே ஆவணக்காப்பகமாகவே மாறுகிறது. இந்நாவலின் டிராகுலா நூல்களைச் சேர்ப்பவன். தன் நூலகத்தை ஒழுங்குபடுத்த அறிஞர் ஒருவரைத் தேடுகிறான். ஏட்டிலிருந்து விலக்கப்பட்டவன் ஏடுகளின் உடைமையாளன் ஆனான்.

முன்னிலை நோக்கி

அண்மைக் காலத்தில் பெண்களின் குரல் இம்மரபைத் திருப்பியுள்ளது. 2014 முதல் 2016 வரை கனடாவில் உருவான 'கார்மில்லா' இணையத்தொடர், லாராவை இதழியல் மாணவியாக்கியது. அவள் தன் விடுதி அறையில் ஒளிப்படக்கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, அதன்முன் அமர்ந்து பேசுகிறாள். கருவி அசைவதில்லை, ஆனால் அறைத்தோழியான கார்மில்லா அதன் முன்னே வந்து அமர முடியும். லெஃபானுவின் நாவலில் லாராவின் நினைவுக்குள் இருந்தவள், இங்கே தானே பேசுகிறாள். ஊடகம் மாறியதால் இடம் மாறியது.

2021இல் எஸ். டி. கிப்சன் எழுதிய 'எ டௌரி ஆஃப் பிளட்' நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. டிராகுலாவின் கோட்டையில் ஸ்டோக்கர் மூன்று பெண்களைக் காட்டுகிறார். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. அத்தகைய ஒருத்தியைக் கான்ஸ்டன்டா எனப் பெயரிட்டுப் பேசவைக்கிறது இந்நாவல். அவள் தன் கணவனை நோக்கி 'நீ' என்று விளித்தே முழுக்கதையையும் எழுதுகிறாள். அவன் பெயரை ஓரிடத்திலும் எழுதுவதில்லை. பெயரற்று இருந்தவள் பெயர் பெற்றாள்; உலகறிந்த பெயருடையவன் பெயரிழந்தான். முன்னிலை என்பது இங்கே அன்பின் விளி அன்று, குற்றச்சாட்டின் விளி.

இந்நூலை அறிந்தபின் சேபர்ஹேகனிடம் திரும்பினால் ஒரு குறை தெளிவாகிறது. டிராகுலா அழகாகத் தன் தரப்பைப் பேசினான். ஆனால் லூசி பேசினாளா? முதல்நூலில் அவளுக்குச் சில கடிதங்களேனும் இருந்தன. டிராகுலாவின் நாடாவில் அவள் மீண்டும் படர்க்கையே. விலக்கப்பட்ட ஒருவனுக்குக் குரல் தருவதனால் எல்லார்க்கும் நீதி கிடைத்துவிடுவதில்லை. ஒரு கதவைத் திறக்கும்போதே வேறொன்று சாத்தப்படலாம். மறுகூறலை மதிப்பிடும்போது யார் பேசுகிறார் என்று கேட்பதோடு, இப்போது யார் வாய் மூடப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

நம் வட்டாரத்தில்

இம்மரபு நம்மைத் தொடாத ஒன்றன்று. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகள் இருபத்தைந்தில் பதினொன்றைத் தழுவி எழுதி, நூலின் தலைப்பில் வேதாளத்தை 'வேம்பயர்' என்றே குறித்தார். ஸ்டோக்கர் அவரை நேரில் அறிந்தவர். தம் நினைவு நூலில் அவரைப் பற்றி எழுதியும் உள்ளார். ஆனால் பர்ட்டனின் சொல்லாட்சி பிழையானது. நாம் அறிந்த வேதாளம் இரத்தம் குடிக்க வருவதில்லை. கதை சொல்ல வருகிறது. அங்கே அரசன் வாய் திறக்கக்கூடாது. பிணத்தில் புகுந்த வேதாளமே பேசுகிறது, புதிர் போடுகிறது. அரசன் விடை கூறியதும் முருங்கை மரம் ஏறிக்கொள்கிறது. மேலைக் கதைமரபு 1970களில் கண்டடைந்த பேசும் பேய், நம் மரபில் தொடக்கத்திலிருந்தே கதைசொல்லியாக இருந்தது.

மலாய் மரபின் பொந்தியானாக் வேறு வகை. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் பேயாகத் திரும்புவாள் என்பது நம்பிக்கை. தமிழும் கற்றவரான முன்ஷி அப்துல்லா, 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில் இந்நம்பிக்கையைக் குறிப்பிட்டுள்ளார். 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அப்படத்தின் படி இன்று கிடைப்பதில்லை; நினைவுகளாலும் செய்திகளாலும் மட்டுமே அதை அறிகிறோம். பின்வந்த படங்கள், 2019இல் சிங்கப்பூரில் உருவான 'பொந்தியானாக்கின் பழி' என்னும் பொருள்படும் தலைப்புடைய படம் உட்பட, அவள் எவ்வாறு கொல்லுகிறாள் என்பதைவிட அவளுக்கு யார் தீங்கிழைத்தார் என்பதையே மையமாக்கின. கழுத்தில் ஆணி அடித்தால் பொந்தியானாக் அடங்கிய பெண்ணாகிவிடுவாள் என்பது பழைய நம்பிக்கை. புதிய மறுகூறல்கள் அந்த ஆணியைப் பிடுங்க முற்படுகின்றன என்று சொல்லலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். முதல்நூலில் இரத்தக்காட்டேரி படர்க்கையில் நிறுத்தப்பட்டான். தொடக்ககால மொழிபெயர்ப்புகள் அவனை அங்கேயே வைத்து, 'நாங்கள்' யார் என்பதை மட்டும் மாற்றின. 1970களின் நாவல்கள் அவனைத் தன்மைக்குக் கொணர்ந்தன. இன்றைய மறுகூறல்கள் அவனால் துன்புற்றோரைத் தன்மையில் வைத்து, அவனை முன்னிலையில் நிறுத்தி விடை கேட்கின்றன. ஒலிப்பதிவு உருளை, நாடா, ஒளிப்படக்கருவி எனக் கருவிகள் மாறின. யார் பேசலாம் என்னும் வழக்கு மாறவில்லை.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு கதையை நடத்தி முடித்தபின், அக்கதையில் பேசாத ஒருவரைத் தேர்ந்து, அவர் கூற்றாக ஒரு பக்கம் எழுதுமாறு மாணவரைக் கேளுங்கள். நிகழ்ச்சிகளை மாற்றக்கூடாது, இடத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே விதியாக இருக்கட்டும். மூவிடம் என்பது தேர்வில் எழுதி மறக்கும் பாடம் அன்று என்பதை அந்த ஒரு பக்கமே அவர்களுக்குக் கற்றுத்தரும்.

அன்று கேள்வி எழுப்பிய மாணவிக்கு இன்று விடை கூற வேண்டுமாயின் இவ்வாறு கூறுவோம்: அவன் எழுதாததற்குக் காரணம், ஏட்டைத் தொகுத்தவர்கள் 'நாங்கள்' என்று எழுதினார்கள். அந்த ஏட்டை 'நாம்' என்று திருத்தி எழுத முடியுமா, திருத்தினால் எவருக்கு இடம் கிடைக்கும், எவர் அஞ்சுவர் என்பவற்றை ஒவ்வொரு தலைமுறையும் தன் மறுகூறலால் தானே எழுதிப்பார்க்க வேண்டியிருக்கிறது.